மூன்றாவது மாடியின் சத்தம்

ஜூலை 8, திங்கள்

அனுமதி வந்துவிட்டது. மூன்றாவது மாடியைக் காலி செய்யலாம்.

துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து தாள் வந்தபோது மேசை இழுப்பறையில் கிடந்த காய்ந்த பேனாக்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். வேண்டாத பொருள் கண்ணில் பட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. விதியை எழுதியதே நான்தான்: பத்து ஆண்டுகளாக யாரும் இரவல் எடுக்காத புத்தகத்துக்கு அலமாரியில் இடமில்லை. எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாவது மாடி முழுக்க அப்படிப்பட்டவைதாம். பழைய சட்டத் தொகுதிகள், பைண்டு செய்த ஆய்விதழ்கள், தடித்தடியான கலைக்களஞ்சியங்கள். எல்லாம் திரையில் கிடைக்கின்றன. கிடைக்காதவற்றை இரண்டு ஆண்டுகளாக ஸ்கேன் செய்து முடித்துவிட்டோம். அப்புறம் எதற்கு இன்னும் புழுதி தின்றுகொண்டு அங்கேயே நிற்க வேண்டும்? அந்த இடத்தில் நாற்காலி போட்டால் பிள்ளைகள் உட்காருவார்கள். தேர்வு வந்தால் படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை.

இந்த ஆண்டோடு தலைமை நூலகர் ஓய்வு பெறுகிறார். இந்த வேலை நன்றாக முடிந்தால் அடுத்து நான்தான் என்று துணைவேந்தரே ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். துணை நூலகர், துணை நூலகர் என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

வீட்டில் சொன்னேன். கணவர் குடிநீர் அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்து, சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"பத்து வருஷமா யாரும் எடுக்காததை எல்லாம் தூக்கிடுவீங்களா?"

"ஆமா."

"அப்ப நான் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்."

மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அவளும் எங்கள் பல்கலைக்கழகத்தில்தான் புள்ளியியல் முதுகலை, கடைசி ஆண்டு. மூன்றாவது மாடியில்தான் தினமும் உட்கார்ந்து படிக்கிறாள். "ஜன்னல் பக்கம் நிறைய சீட் போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். போடுவோம் என்றேன்.

ஜூலை 11, வியாழன்

சட்டம் படிக்கும் மாணவர் ஒருவர் வந்திருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லை. ஸ்கேன் செய்த தொகுதிகளை அவருடைய கருவி வாசித்துக் காட்டுகிறதாம், நன்றி சொல்ல வந்தார்.

"அச்சுப் புத்தகமும் செங்கல்லும் எனக்கு ஒண்ணுதான் மேடம். ரெண்டையும் தடவிப் பாக்கலாம், படிக்க முடியாது. நீங்க ஃபைல் குடுத்தப்புறம்தான் இது லைப்ரரி."

இந்தத் திட்டத்தை விவாதித்த கூட்டத்துக்கே இவரை அழைத்துப் போயிருக்க வேண்டும். புத்தக வாசனை, புத்தக வாசனை என்று உருகுகிறவர்கள் முன்னால் உட்கார வைத்திருக்க வேண்டும். வாசனையாம். அது தூசியும் பூஞ்சையும். எனக்கு அதில் மூன்று நாள் தும்மல்.

ஜூலை 16, செவ்வாய்

வரலாற்றுப் பேராசிரியர் கையெழுத்து வாங்குகிறார். 'மூன்றாவது மாடியைக் காப்போம்.' நானும் சும்மா இல்லை. அவருடைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். அவர் கடைசியாக ஒரு புத்தகம் இரவல் எடுத்தபோது என் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதை அவரிடமே, நாலு பேர் முன்னால், சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப் போய்விட்டார். "நான் அங்கயே உக்காந்து படிப்பேம்மா, எடுத்துட்டுப் போறதில்ல" என்றார். மழுப்பல்.

சரி, மழுப்பலாகவே இருக்கட்டும், அதை ஏன் சாயந்திரம் வரைக்கும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்? ஜெயித்தது நான். தேநீர் ஆறிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கடைசி லாரியும் போய்விட்டது.

ஆகஸ்ட் 5, திங்கள்

புத்தகங்கள் எல்லாம் ஊருக்கு வெளியே வாடகைக் கிடங்கில் இருக்கின்றன. தணிக்கை முடிந்து ஒப்புதல் வந்ததும் காகித ஆலைக்காரர்கள் எடுத்துப் போவார்கள். அக்டோபர் கடைசிக்குள் என்று சொல்கிறார்கள். கூழாக்கி மறுபடி காகிதமாக்குவார்கள். கழற்றிய அலமாரிகள் அடித்தளத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன, பழைய இரும்புக்காரர் வர வேண்டும்.

காலி மாடியில் நின்று பார்த்தேன். இந்த மாடி இவ்வளவு பெரியது என்றே இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தெரியாது. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் வெளிச்சம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

திறப்பு விழா. வெள்ளைச் சுவர், கண்ணாடித் தடுப்பு, வழவழப்பான தரை, ஒவ்வொரு மேசையிலும் சார்ஜ் போட வசதி. புகைப்படத்துக்குத் துணைவேந்தர் என்னையும் பக்கத்தில் நிற்க வைத்தார். "இந்த மாற்றத்துக்குக் காரணமானவர்" என்று பேசினார். அதற்கு மேல் பேசியது ஒன்றும் புரியவில்லை, ஒவ்வொரு சொல்லும் போய் எதிர்ச்சுவரில் முட்டிவிட்டு வந்து அடுத்த சொல்லின்மேல் விழுந்தது. மைக் சரியில்லை என்று எல்லோருமாகச் சேர்ந்து மைக்செட்காரரைத் திட்டினோம். பாவம், அவர் வயரைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

கணினிப் பிரிவுத் தம்பிதான் ஏற்பாடு முழுக்க. நூலகத்தில் இருக்கும் அத்தனை பேரின் கடவுச்சொல்லும் அவருக்குத் தெரியும் என்பதால் எல்லோருக்கும் அவர் 'பாஸ்வேர்டு'. நூலகவியலும் படித்தவர், வேலைக்கு வந்த புதிதில் என்னிடம்தான் வேலை பழகினார். "மேடம், அடுத்த வருஷம் இதே நாள்ல நீங்க கீழ் ரூம்ல இருப்பீங்க" என்றார். கீழ் ரூம் என்றால் தலைமை நூலகர் அறை. வாயைக் கழுவு என்று சொன்னேனே தவிர, உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

ஆகஸ்ட் 28, புதன்

கூட்டமே இல்லை. முதல் வாரம் வேடிக்கை பார்க்க வந்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். இப்போது காலையில் வருகிறார்கள், பையை வைக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நாற்காலி உறுத்துகிறதா? ஏசி அதிகமா? வைஃபை வரவில்லையா? ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்டேன். "நல்லாத்தான் மேம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மெத்தை வைத்த நாற்காலி போட்டாயிற்று. ஏசியைக் குறைத்தாயிற்று. பாஸ்வேர்டு வைஃபையைக் கூட்டினார். இரண்டாவது மாடியில் நிற்க இடமில்லை, மேலே காற்று வாங்குகிறது. துணைவேந்தரின் உதவியாளர் தொலைபேசியில், "எத்தனை பேர் வர்றாங்க?" என்று கேட்டார். போகப் போகப் பழகிவிடும் என்றேன். எனக்கு எரிச்சலாக வந்தது. கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தெரியாத ஜனம்.

செப்டம்பர் 5, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

கணவர் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார், "பாப்பாவை பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன், வெயிட்டிங் ரூம்ல உக்காந்து படிச்சிட்டு இருக்கா." பஸ் ஸ்டாண்டிலா? நான் நாற்காலி நாற்காலியாக வாங்கிப் போட்டுவிட்டு உட்கார ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன், என் வயிற்றில் பிறந்தது பஸ் ஸ்டாண்டில் படிக்கிறதா?

கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் 'சும்மாதான்' என்றாள். பிறகு சொன்னாள்:

"அங்க உக்காந்தா நான் மூச்சு விடுறது எனக்கே கேக்குதும்மா. எவனோ அந்தக் கோடியில ஜிப் தொறந்தா என் காதுல தொறக்குற மாதிரி இருக்கு. ஒருத்தி டைப் பண்ணா எல்லாரும் நிமிர்ந்து பாக்குறாங்க. பயந்து பயந்து உக்கார வேண்டியிருக்கு."

"பஸ் ஸ்டாண்டுல சத்தம் இல்லையா?"

"இருக்கு. ஆனா அது என்கிட்ட வரல."

"பழைய மூணாவது மாடியில நீ ஒரு புத்தகமாவது எடுத்திருக்கியா? ஒண்ணு? ஒரே ஒண்ணு?"

"இல்ல."

"அப்புறம்?"

"எடுக்கலதான். ஆனா சுத்தி இருந்துச்சுல்ல."

இது ஒரு பதிலா? கத்திவிட்டேன். உங்களுக்கு எல்லாம் ஒரு குறை, இந்தத் தலைமுறைக்கே ஒரு குறை, இந்த மாதிரி நிறைய. அவள் திருப்பிக் கத்தவில்லை. "இதுக்குத்தான் உன்கிட்ட சொல்லல. இது நீ பண்ண ஹால்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள், மனசு நோகும் என்று.

செப்டம்பர் 6, வெள்ளி

நானே போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் என்று நினைத்துக்கொண்டு போனேன். முடியவில்லை. யாரோ சூயிங்கம் மெல்லுகிறார். யாரோ மூக்கை உறிஞ்சுகிறார். பக்கம் திருப்பினேன், பத்து தலை திரும்பியது. என் வயிறு ஒரு தடவை கடமுடா என்றது. துணை நூலகரின் வயிறு என்று அந்த ஹால் முழுக்கத் தெரிந்திருக்கும்.

அமைதியாக இருக்கவும் என்று பலகை வைக்கச் சொல்லிவிட்டு இறங்கினேன். செருப்புச் சத்தம் கூடவே வந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

துணைவேந்தரின் யோசனை: வெளிநாட்டு அலுவலகங்களில் செய்கிறார்களாம், மெல்லிய ஒலி ஒன்றை ஓடவிட்டால் மற்றச் சத்தம் அமுங்கிவிடும். பாஸ்வேர்டு கூரையில் ஸ்பீக்கர் மாட்டி மழைச் சத்தம் போட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார்ந்தவர்கள் எல்லாம் வரிசையாகக் கழிப்பறைக்குப் போக ஆரம்பித்தார்கள். போய்விட்டு வருகிறார்கள், உட்காருகிறார்கள், மறுபடி எழுந்து போகிறார்கள். துப்புரவு வேலை செய்கிற அக்கா கீழே வந்து, "மேடம், அந்த மழையை நிறுத்துங்க, என்னால முடியல" என்றார்.

செப்டம்பர் 18, புதன்

மழை நின்றது.

பாஸ்வேர்டு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன், அப்புறம் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது என் கதை. இதில் சிரிப்பு வேறு.

அக்டோபர் 3, வியாழன்

கிடங்குக்குப் போயிருந்தேன். காகித ஆலைக்காரர்கள் ஏற்றுவதற்கு முன்னால் பார்த்துக் கையொப்பம் இட வேண்டும். 21-ஆம் தேதி லாரி வருகிறது.

அட்டைப்பெட்டிகளை எல்லாம் உருவி எடுத்துவிட்டு, புத்தகங்களை ஆளுயரத்துக்குச் சந்து சந்தாக அடுக்கி வைத்திருந்தார்கள். தகரக் கூரை. வெளியே லாரி ஷெட், ஒரே இரைச்சல். நான் உள்ளே நடுச்சந்தில் நின்றுகொண்டு மகளைக் கூப்பிட்டேன். வர நேரமாகும், சமையலைப் பார்த்துக்கொள் என்று சொல்லத்தான். அந்தச் சண்டைக்குப் பிறகு நாங்கள் இருவரும் தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொள்கிறோம்.

எடுத்தவுடன் அவள் கேட்டாள், "மூணாவது மாடியில இருந்தா பேசுற?"

"இல்லையே, ஏன்?"

"பழைய மூணாவது மாடி மாதிரி கேக்குது."

ஃபோனை வைத்துவிட்டுக் கையைத் தட்டிப் பார்த்தேன். தட்டின இடத்திலேயே சத்தம் செத்துப்போனது. இன்னும் பலமாகத் தட்டினேன். அதுவும் அப்படியே. வாசலுக்கு வந்து, புத்தகம் இல்லாத பக்கம் நின்று தட்டினேன், தகரம் முழுக்க உருண்டு வந்தது. மறுபடி உள்ளே போய்த் தட்டினேன். காவலாளி எட்டிப் பார்த்து, "என்ன மேடம், எலியா?" என்றார்.

இத்தனை வருஷம் அந்த அலமாரிகள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்றுதான் பார்த்தேன். சத்தத்தையும் அவைதான் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தன. இது எங்கள் படிப்பில் எந்தத் தாளிலும் இல்லை. இருந்திருந்தாலும் நான் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

கையொப்பம் இடவில்லை. பேனா எழுதவில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

என்ன செய்வது?

சொன்னால், திட்டம் தப்பு என்று ஆகும். திட்டம் என்னுடையது. தேர்வுக் குழு நவம்பரில் கூடுகிறது. சொல்லாவிட்டால், 21-ஆம் தேதி எல்லாம் கூழ். அப்புறம் நினைத்தாலும் முடியாது. அந்தப் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டிலும் படிக்கட்டிலும் உட்கார்ந்துகொள்வார்கள், நான் கீழ் அறையில் உட்கார்ந்துகொள்வேன்.

ஒருவேளை கிடங்கின் வாகே அப்படியோ? மகளின் பிரமையோ? இருக்கலாம். இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அக்டோபர் 9, புதன்

பாஸ்வேர்டிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஒரு மூலையில போட்டுப் பாத்துடலாம் மேடம்" என்றார். அடித்தளத்திலிருந்து ஆறு அலமாரிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, கிடங்கிலிருந்து ஒரு வண்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்து, மூன்றாவது மாடியின் கிழக்கு மூலையில் இரண்டு வரிசை நிறுத்தினோம். எந்தப் புத்தகம் என்றுகூடப் பார்க்கவில்லை. கைக்கு வந்ததைச் செருகினோம். பெயர் கேட்டால், 'தற்காலிகச் சேமிப்பு'.

அக்டோபர் 11, வெள்ளி

கிழக்கு மூலையில் எல்லா நாற்காலியும் நிறைந்திருக்கிறது. மிச்ச ஹால் காலி. மேலிருந்து பார்த்தால் படகு ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி. யாரும் அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரலாற்றுப் பேராசிரியர் மட்டும் அங்கே ஒரு தடித்த தொகுதியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மூடிவிட்டார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இறங்கி வந்துவிட்டேன்.

பிரமை இல்லை. இனிமேல் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

அக்டோபர் 14, திங்கள்

துணைவேந்தரைப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

"படிக்கிறதுக்குப் புத்தகம் வேணும்னு கேட்டா அர்த்தம் இருக்கு மேடம். சத்தத்தைக் குடிக்கிறதுக்கு வேணும்னு கேக்குறீங்களே."

"ஆமா சார்."

"அதுக்குப் பஞ்சுப் பலகை இருக்கே. சுவர்ல ஒட்டிட்டா போச்சு."

"ஒட்டலாம் சார். எப்ப?"

"அடுத்த வருஷ நிதியில பாக்கலாம்."

"அதுவரைக்கும்?"

தண்ணீர் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், எனக்கு நல்லது செய்கிறவர் மாதிரி. "லாரியை நிறுத்தணும்னா காரணம் வேணும். திட்டத்துல தப்பு இருந்ததுன்னு நீங்களே எழுத்துல குடுக்கணும். குடுத்தா அது உங்க ஃபைல்ல போகும். அடுத்த மாசம் குழு அந்த ஃபைலைத்தான் பாக்கும். நல்லா யோசிச்சுக்குங்க."

யோசிக்கிறேன். வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேன் இந்தப் பத்து நாளாக? வீட்டில் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. துணியை மடிக்கிறேன், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிக்கிறேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

எழுதினேன். கிழித்தேன்.

அக்டோபர் 16, புதன்

மறுபடி எழுதினேன். 'எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஆரம்பித்தது. படித்துப் பார்த்தேன், யாரோ ஒருவர் செய்த தப்பை யாரோ ஒருவர் சொல்வது மாதிரி இருந்தது. அதையும் கிழித்தேன்.

கணவரிடம் கேட்டேன், எழுதவா வேண்டாமா என்று. அவர் ஓட்டை மின்விசிறி ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். அதை நான் இரண்டு தடவை குப்பையில் போட்டிருக்கிறேன், அவர் இரண்டு தடவையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"நீ தூக்கிப் போட்ட எதையாவது இதுவரைக்கும் திரும்ப உள்ள கொண்டுவந்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப கஷ்டமாத்தான் இருக்கும். பழக்கம் இல்லல்ல." அவ்வளவுதான் சொன்னார். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. மறுபடி திருப்புளியை எடுத்துக்கொண்டார். சில நேரம் இந்த மனிதரை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

மகள் தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாஸ்வேர்டு உளறியிருக்கிறார்.

"உன் போஸ்ட் போயிடுமாம்மா?"

"போகலாம்."

"எனக்காகன்னு பண்ணாத. நான் பஸ் ஸ்டாண்டுலயே படிச்சு பாஸ் பண்ணிடுவேன். டிரைவர் எல்லாம் பழக்கமாயிட்டாங்க."

அழுகை வந்துவிட்டது. அவள் முன்னால் அழுது எத்தனை காலம் ஆயிற்று! உனக்காக இல்லை போ என்று சொன்னேன். பொய் பாதி, நிஜம் பாதி. எனக்கு அந்த அறை வேணும். அந்த நாற்காலியும் மேசையும் வேணும், என் பேர் போட்ட பலகை வேணும். எத்தனை வருஷம் காத்திருந்தேன்? அதெல்லாம் வேணும். ஆனா அந்த வெறும் ஹாலுக்குக் கீழ, அந்த வெறும் ஹாலாலே கிடைச்ச அறையில, நான் எப்படி உக்காருவேன்? தலைக்கு மேல ஒவ்வொரு நாற்காலி இழுக்குற சத்தமும் கேக்குமே.

அக்டோபர் 18, வெள்ளி

கொடுத்துவிட்டேன். நாலே வரி. 'திட்டம் என்னுடையது. நாற்காலிகளைக் கணக்கிட்டேன், அறையைக் கணக்கிடவில்லை. தவறு என்னுடையது. புத்தகங்களைத் திருப்பி வைக்க அனுமதிக்க வேண்டுகிறேன்.' உதவியாளர் வாங்கிப் படித்துவிட்டு, "இப்படியேவா மேடம்?" என்றார். இப்படியேதான் என்றேன்.

அக்டோபர் 21, திங்கள்

லாரி வரவில்லை.

நிம்மதியா இது? கிடங்குக் காவலாளிக்கு நாலு தடவை ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

இப்போது வேறு தலைவலி. திருப்பி வைக்க அனுமதி கிடைத்து, கட்டடப் பொறியாளர் வந்தார். சுவரோரமும் நடுவிலும் நிறுத்தினால் போதும், பெரிய புத்தகம் கீழே, சின்னது மேலே, அளவு பார்த்து அடுக்கினால் ஒரே வாரத்தில் முடிந்துவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும் என்றார்.

"பொருள்வாரியா எண் இருக்கு. அந்த எண் வரிசையிலதான் வைக்கணும்."

"யாருமே எடுக்க மாட்டாங்கன்னு நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க? எடுக்காத புத்தகத்துக்கு வரிசை எதுக்கு?"

நியாயமான கேள்வி. புத்தகங்கள் தப்பித்தது உள்ளே எழுதியிருப்பதால் இல்லை, பருமனாக இருப்பதால். இதை வெற்றி என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். அந்தச் சட்ட மாணவர் சொன்ன செங்கல்லைத்தான் நான் லாரி வைத்துத் திரும்பக் கொண்டுவருகிறேன். சரி, செங்கல்லாகவே வரட்டும். ஆனால் ஒருவர் வந்து இந்தப் புத்தகம் எங்கே என்று கேட்டால், அதோ அங்கே என்று கையைக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாத இடம் கிடங்கு, நூலகம் இல்லை.

"வரிசை எங்க வேலை. நாங்க பாத்துக்கிறோம். நீங்க அலமாரியை மட்டும் ஆடாம நிறுத்திக் குடுங்க" என்றேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்தது.

நவம்பர் 8, வெள்ளி

முதுகு ஒடிகிறது. நானும் பாஸ்வேர்டும் இன்னும் நாலு பேரும், காலை முதல் எண் பார்த்து எண் பார்த்துச் செருகுகிறோம். எடுத்த நாளைவிட வைக்கிற நாள் நீளம். அழிப்பது சுலபம் என்று சும்மாவா சொல்கிறார்கள். தும்மல் வேறு. மூக்கு சிவந்து கோமாளி மாதிரி ஆகிவிட்டது.

ஒவ்வொரு வரிசை ஏற ஏற ஹால் கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடிக்கொள்கிறது. பாஸ்வேர்டு தினமும் சாயந்திரம் கை தட்டிப் பார்க்கிறார். இன்று தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் திரும்பி வரவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

குழு முடிவு வந்துவிட்டது. தலைமை நூலகர்: பாஸ்வேர்டு.

அவரே என் அறைக்கு வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். "நான் விண்ணப்பமே போட்டிருக்கக் கூடாது மேடம்." போடாவிட்டால் வெளியாள் வந்திருப்பான், உள்ளே வந்து உட்கார் என்றேன். உட்கார்ந்தார். தேநீர் வாங்கி வரச் சொன்னேன், குடித்தோம். போகும்போது, "அந்த ஃபைல்ல உங்க நாலு வரி இருந்துச்சு. அதை எல்லாரும் படிச்சாங்க" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, தகவலாகச் சொன்னாரா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் தேய்த்தேன், தேய்க்க வேண்டாததையும் சேர்த்து. வலிக்கிறது. வலிக்கவில்லை என்று இங்கே எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்?

நவம்பர் 25, திங்கள்

சட்ட மாணவர் மேலே போய்வந்தாராம். "மேடம், முன்னாடி அந்த ஹால்ல எனக்குத் திசையே தெரியல, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்டுச்சு. இப்ப நடக்க முடியுது" என்றார். செங்கல் உதவுகிறதா என்று கேட்டேன். சிரித்தார். ஆனாலும் பழைய சட்டத் தொகுதி ஒன்றின் ஃபைலில் பாதிப் பக்கம் கோணலாக இருக்கிறதாம், கருவி உளறுகிறதாம், திரும்ப ஸ்கேன் செய்து தர முடியுமா என்றார். நல்லவேளை, தொகுதி இருக்கிறது. நாளைக்கே செய்யச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 12, வியாழன்

தேர்வு தொடங்கிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் மனசு ஒரு நிலையில் இல்லை. கீழ் அறையில் பாஸ்வேர்டின் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனேன், அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று.

ஹால் முழுக்கத் தலைகள். யாரோ பக்கம் திருப்பினார், யாரோ இருமினார், எதுவும் அலமாரியைத் தாண்டி வரவில்லை. இரண்டு வரிசைக்கு நடுவே நடந்துபோனேன், ஒருவர்கூட நிமிரவில்லை. ஜன்னல் பக்கம் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் பை. நான் பையைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். தோழி வருகிறாளாம். இடம் பிடித்து வைத்திருக்கிறாள். போ, போ என்று விரலை அசைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

இன்னொரு சுற்று சுற்றி வந்தேன். ஒரு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை. படியிறங்கிக் கீழே வந்தேன்.